பரஞ்சோதி வாய் திறந்த நாள்

கரையில் சுகிர்தா பரஞ்சோதியருக்கு மச்சாள். பெண்சாதியின் கடைசித் தங்கச்சி, வயதில் அவரைவிட எவ்வளவோ இளையவள். படகில் ஏறிவிட்டால் அவள் குரு, அவர் சீடன். இதை அவரே சொல்லிக்கொள்வார், அதுவும் ஊருக்கே கேட்கிற மாதிரி.

மெதுவாகச் சொல்ல அந்த மனிசனுக்குத் தெரியாது. திருகோணமலையில் எங்கள் கோயில் தேருக்குப் பல வருடமாக அறிவிப்பாளர் அவர்தான். ஒரு முறை கரண்ட் போய் ஒலிபெருக்கி செத்தபோது, வெறும் தொண்டையாலேயே தேரை வீதி சுற்றிக் கொண்டுவந்து சேர்த்தவர். "வடம் நிக்கட்டும்" என்று அவர் ஒரு சத்தம் வைத்தால் இழுக்கிற அத்தனை கையும் நிற்கும்; "கட்டை போடு" என்றால் தேர்ச் சில்லுக்குத் தடுப்புக் கட்டை விழும். பிறகு கோயிலுக்குப் புதுத் தலைவர் வந்தார். மைக் அவருடைய மருமகன் கைக்குப் போனது.

வீட்டில் சுவரோடு கதைத்துக்கொண்டிருந்தவரை, அக்காவின் கரைச்சல் தாங்காமல் சுகிர்தா கடலுக்குக் கூட்டிவந்தாள். திமிங்கிலம், ஓங்கில் என்கிற டொல்பின் பார்க்க வருகிற சனத்தை ஏற்றிப்போய்க் காட்டுவதுதான் அவள் தொழில். இரண்டாவது படகும் வாங்கிவிட்டாள். அதில் முன்னால் நின்று காட்ட ஓர் ஆள் தேவை. அந்த இடத்தில்தான் பரஞ்சோதியருக்குக் கண்.

முதல் படகில் எஞ்சின் பிடிக்கிறவன் நான். ஆகையால் நடந்தது எல்லாம் என் கண்ணுக்கு முன்னால்தான்.

அவர் வந்த முதல் நாளே ஒரு நீலத் திமிங்கிலம் பக்கத்தில் எழும்பி மூச்சு விட்டது. பரஞ்சோதியர் பாய்ந்து எழும்பினார்.

"அன்பார்ந்த பெரியோர்களே! தாய்மார்களே! ஆழ்கடலின் அரசன் இதோ எழுந்தருளுகின்றார்!"

என்ன குரல் ஐயா அது! படகில் இருந்த அவ்வளவு பேரும் திரும்பி அவரைத்தான் பார்த்தார்கள். இரண்டு பேர் அவரை வீடியோகூட எடுத்தார்கள். அரசன் வாலைக் காட்டிவிட்டுத் தாழ்ந்து போனதை ஒருவரும் காணவில்லை.

கரையில் இறங்கும்போது சுவிஸிலிருந்து வந்த அம்மா ஒருவர் என்னிடம் கேட்டார்: "தம்பி, அந்த ஐயா நல்லாச் செய்யிறார். திமிங்கிலம் எப்ப வரும்?"

அடுத்த நாளும் அதே கூத்து. அதற்கடுத்த நாளும்தான். நாய் வாலை நிமிர்த்தினாலும் இவர் வாயை மூடேலாது என்று துறையில் பகிடி பண்ணத் தொடங்கினார்கள்.

அன்று பின்னேரம் அவரே சுகிர்தாவிடம் வந்து நின்றார். முகம் வாடியிருந்தது.

"குருவே, நல்ல வழிகாட்டிக்கு என்ன வேணும்?"

சுகிர்தா தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள்.

"ஒரு மிடறு வாயில விடுங்கோ அத்தான். விழுங்கக்கூடாது."

விட்டார்.

"மிருகம் மேல வரேக்க இப்படி வைச்சிருங்கோ. அது தாழ்ந்த பிறகு துப்பலாம்."

அவர் துப்பிவிட்டுக் கேட்டார்: "அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான்."

"பேந்து நான் என்னத்துக்கு? ஒரு பொம்மையை வைக்கலாமே."

"முதல்ல அந்தப் பொம்மை அளவுக்கு வாங்கோ, பாப்பம்" என்றாள் அவள்.

அடுத்து வந்த நாட்களில் அவர் தண்ணீரை விழுங்கிவிட்டுக் கத்தினார். புரையேறி இருமினார். ஒரு நாள் அரைவாசியை வைத்துக்கொண்டே "எழுந்தருளு" வரைக்கும் போய்விட்டார். சுகிர்தா சிரிக்கவில்லை. போத்தலைத்தான் திரும்பவும் நீட்டினாள்.

இரண்டாவது படகு கடலில் இறங்குவதற்கு முதல் நாள். சனம் ஏறி லைஃப் ஜாக்கெட் கட்டிக்கொண்டிருந்தது. சுகிர்தா அவரைத் தள்ளிக் கூட்டிப்போய்ச் சொன்னாள்:

"இண்டைக்குத்தான் கடைசி. மிருகம் மேல நிக்கேக்க வாய் திறந்தியள் எண்டால், நாளைக்கு வேற ஆளைப் போடுவன். பிறகு அக்காவை விட்டுச் சண்டை பிடிக்கக்கூடாது."

அவர் தலையாட்டினார். பின்னால் வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தார்.

"நிமலன், இதுவும் போச்செண்டால் எனக்கு ஒண்டும் இல்லையடா. திரும்பவும் அந்தச் சுவர்தான்."

இந்த மனிசனுக்கு இண்டைக்கு ஒரு மிருகமும் வரக்கூடாது கடவுளே என்றுகூட நினைத்தேன். எஞ்சின்காரன் நினைக்கக்கூடாத நினைப்பு அது.

ஆழக்கடலுக்கு வந்ததும் ஓங்கில் கூட்டம் ஒன்று எதிரே வந்தது. அவை வழக்கமாகப் படகோடு விளையாடும். அன்று ஒன்றும் விளையாடவில்லை. எங்களைக் கடந்து கரைப்பக்கம் பறந்தன.

"எஞ்சினை நிப்பாட்டு" என்றாள் சுகிர்தா.

நிறுத்தினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு கறுத்த முதுகுச் செட்டை ஒன்று தண்ணீரைக் கிழித்துக்கொண்டு, ஓர் ஆள் உயரத்துக்கு, எழும்பியது. அதற்குப் பின்னால் இன்னும் நாலைந்து.

ஓர்கா! ஓங்கிலையும் திமிங்கிலத்தையும் வேட்டையாடுகிற கறுப்பு வெள்ளை மிருகம். எங்கள் கடலில் அது வருவதே அபூர்வம். சுகிர்தாவே எப்போதோ தூரத்தில் கண்டதுதான்.

திரும்பிப் பார்த்தேன். பரஞ்சோதியர் இரண்டு கன்னமும் உப்பி, கண் பிதுங்கி, சிலை மாதிரி இருந்தார். வாய்க்குள் தண்ணீர். சனம் அவரைக் கவனிக்கவே இல்லை. கடலையே பார்த்துக்கொண்டிருந்தது.

கூட்டம் எங்களுக்கு இடப்பக்கத்தால் போனது. வலப்பக்கத்தில் இன்னொரு சின்ன மூச்சுச் சத்தம். குட்டி! மற்றவைக்கு வெள்ளையாக இருக்கிற இடமெல்லாம் அதற்குத் தோடம்பழத்தின் செம்மஞ்சள் நிறம். பிறந்து கன காலம் இல்லை. பிந்திப்போய்விட்டது. தாய் நின்று திரும்பியது. இரண்டுக்கும் நடுவில் வெறும் தண்ணீர்.

அப்போதுதான் எஞ்சின் சத்தம் கேட்டது.

எங்கள் துறையில் ஒரு பழக்கம் இருக்கிறது. ஒருவரும் கடலைப் பார்த்து ஓடுவதில்லை, மற்றப் படகைப் பார்த்துத்தான் ஓடுவார்கள். ஒரு படகு நின்றால் அங்கே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். நாங்கள் நின்றதைக் கண்டு ஆறேழு படகு வந்தது, யார் முந்துவது என்ற போட்டியில், முழு வேகத்தில். தாய்க்கும் குட்டிக்கும் நடுவில் இருந்த அந்தத் தண்ணீரை நோக்கித்தான் நேரே வந்தன.

சுகிர்தா இரண்டு கையையும் வீசினாள். "வராதேங்கோ! குட்டி நிக்குது!" என்று கத்தினாள். அந்த இரைச்சலில் அவள் குரல் எனக்கே அரைகுறையாகத்தான் கேட்டது. முன்னால் வந்த றமீஸ், அவள் கூப்பிடுகிறாள் என்று நினைத்து, பதிலுக்குக் கை காட்டிவிட்டு எஞ்சினை இன்னும் முறுக்கினான்.

பரஞ்சோதியர் சுகிர்தாவைப் பார்த்தார். குட்டியைப் பார்த்தார்.

எழும்பினார். தண்ணீரைத் துப்பினார். அது முன்னால் இருந்தவரின் தொப்பியில் விழுந்தது.

"வடம் நிக்கட்டும்ம்ம்! கட்டை போடு!"

என் உயிருள்ளவரைக்கும் அந்தச் சத்தத்தை மறக்க மாட்டேன். என் எஞ்சின் ஏற்கெனவே நின்றுதான் இருந்தது. ஆனாலும் என் கை தானாகப் போய் அதை நிறுத்தப் பார்த்தது.

அந்தப் படகுக்காரர் எல்லாரும் வருடா வருடம் அந்தத் தேர் வடம் பிடித்தவர்கள். றமீஸ் பிடித்ததில்லை, ஆனால் அவன் கடை தேர் வீதியில்தான். சின்ன வயதிலிருந்து அந்தக் குரலுக்கு ஊர் நிற்பதைக் கண்டவன். அவன் கை முறுக்கை விட்டது. படகு மூக்கைக் குத்தி நின்றது. அவன் நின்றதைக் கண்டு அடுத்தவன் நின்றான். வரிசையாக எல்லாம் நின்றது.

கடல் அமைதியானது.

குட்டி அந்த இடைவெளியால் போனது. மெல்ல, தத்தித் தத்தி. ஒரு படகும் அசையவில்லை. தாய் எதிரே வந்து அதைப் பக்கத்தில் அணைத்துக்கொண்டது. இரண்டும் சேர்ந்து ஒரு மூச்சு விட்டன.

அதற்குப் பிறகு தாய் செய்ததுதான் பெரிய வேலை. முழு உடம்பையும் தண்ணீரிலிருந்து எறிந்து, வெயிலில் ஒரு பளபளப்புக் காட்டி, திரும்ப விழுந்தது. எல்லாப் படகையும் நனைத்துவிட்டது. ஒரு படகில் "அரோகரா!" என்றார்கள். றமீஸ் படகில் "அல்லாஹு அக்பர்!" வெள்ளைக்காரப் பிள்ளைகள் துள்ளின. தொப்பி நனைந்தவர் அழுதுகொண்டு சிரித்தார். நானும்தான் அழுதேன், அதில் என்ன வெட்கம்!

திரும்பி வரும்போது பரஞ்சோதியர் ஒரு மூலையில் ஒடுங்கி இருந்தார். துறை தெரிந்த பிறகுதான் வாய் திறந்தார்.

"சுகிர்தா, நான் பொறுக்கேலாமல் கத்திப்போட்டன். நீ வேற ஆளைப் போடு. நான் கோவிக்கமாட்டன்."

"நீங்கள் கத்தேக்க எங்கட சனம் ஆரைப் பாத்தது?"

அவர் சனத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னை ஒருத்தரும் பாக்கேல்லை" என்றார். அப்படியொரு மெல்லிய குரலில் அவர் கதைத்து நான் கேட்டதே இல்லை.

சுகிர்தா முன்னால் இருந்த தன் இடத்திலிருந்து எழும்பி வந்து, சனத்தோடு சனமாக அவருக்குப் பக்கத்தில் இருந்தாள்.

"இவ்வளவு காலமும் ஆக்களுக்குக் காட்டிக் காட்டி, நான் ஒண்டையும் ஆறுதலா இருந்து பாத்ததில்லை அத்தான். நாளைக்குப் புதுப் படகில நானும் வாறன். நீங்கள் காட்டுங்கோ, நான் பாக்கிறன்."