கந்தகத் தாழ்ப்பாள்

தீ எந்த உடம்பிலும் குடியேறாத காலம் அது. விலங்குகளுக்குப் பேசத் தெரியும், ஓடத் தெரியாது. தீ மலையடியில் ஒரு பாறைப் பிளவில் தனியாக இருந்தது. எல்லா உயிர்களின் உடம்பும் குளிர்ந்து கிடந்தது. மான் நடந்து போகும். அதைத் தின்ன வரும் செந்நாயும் நடந்துதான் வரும்.

இதயத்தின் அமைப்பு மட்டும் இன்று உள்ளதுதான். அதன் சதைக்குள் சின்னச் சின்னச் சுண்ணாம்பு அறைகள் இருந்தன. ஒவ்வோர் அறைக்கும் ஒரு கதவு, அதற்குக் கந்தகத்தில் செய்த ஒரு தாழ்ப்பாள். கதவு திறந்தால் ஒரு சிட்டிகைச் சுண்ணாம்பு வெளியே சிந்தும், சதை இறுகும். கதவு மூடியதும் சிந்தியது அறைக்குத் திரும்பும், சதை தளரும். ஒரு துடிப்பு என்பது இவ்வளவுதான். குளிர்ந்த உடம்பில் அந்தத் தாழ்ப்பாள் மெதுவாகவே நகர்ந்தது.

ஆற்றோரக் காட்டில் இரண்டு கடமான்கள் இருந்தன, அக்காவும் தங்கையும். மூத்தவள் நொச்சி. மழையில் சரிந்த கல் ஒன்று விழுந்து அவளுடைய பின்னங்கால் ஒடிந்திருந்தது. இளையவள் ஈங்கை.

ஒரு கோடையில் ஏழு செந்நாய்கள் மலையிறங்கி வந்தன. நொண்டி மான் ஒன்று இருப்பது தெரிந்ததும் அவை வேறு இரை தேடவில்லை. மூன்று நாள் அவசரமில்லாமல் பின்தொடர்ந்தன. நொச்சி தங்கையைப் போய்விடச் சொன்னாள். ஈங்கை அதற்கு இணங்கவில்லை. அக்காவை ஒரு மூங்கில் புதருக்குள் படுக்க வைத்துவிட்டுத் தீயிடம் போனாள்.

தன் நெஞ்சுக்குள் வந்து இருக்கும்படி கேட்டாள். தீ உடனே ஒத்துக்கொள்ளவில்லை. தான் இருக்கும் இடத்தில் பொறி பறக்காமல் இருக்காது என்றது.

"கந்தகம் என் பொறியைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும். ஒன்றிரண்டு பட்டால் தாழ்ப்பாள் இளகும், கதவு வேகமாகத் திறக்கும், நீ ஓடலாம். அதில் படிகிற கரியை, நீ படுத்து இளைப்பாறும்போது இரத்தமே கழுவிவிடும். இளைப்பாறாமல் ஓடினால் தாழ்ப்பாள் வெந்துபோகும். வெந்ததைக் கழுவ முடியாது."

"வெந்தால் என்ன ஆகும்?"

"கதவு சரியாக மூடாது. சுண்ணாம்பு கசிந்துகொண்டே இருக்கும்."

ஈங்கை வாயைத் திறந்தாள். தீயில் ஒரு பங்கு உள்ளே போனது.

செந்நாய்கள் மூங்கில் புதருக்கு நாலு அடி தூரத்தில் இருந்தபோது அவள் குறுக்கே போய் நின்றாள். கிட்டே வரவிட்டு ஓடினாள். அதுவரை எந்த விலங்கும் ஓடி அவை பார்த்ததில்லை. வாய் பிளந்தபடி பின்னால் போயின. ஒரு குன்று தாண்டி இழுத்துப் போய் விட்டுவிட்டு அவள் திரும்பி வந்து அக்கா பக்கத்தில் படுத்தாள். பொழுது சாய்வதற்குள் நெஞ்சு பழையபடி ஆகிவிட்டது.

ஆனால் செந்நாய்களின் தலைவன் விவரமானவன். அவன் மற்ற ஆறு பேரையும் கூட்டிக்கொண்டு பாறைப் பிளவுக்குப் போனான். தீ ஓரவஞ்சனை பார்ப்பதில்லை. அவர்களுக்கும் கொடுத்தது, அதே விஷயத்தை அவர்களுக்கும் சொன்னது. தலைவன் அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டான்.

மறுநாள் காலையில் செந்நாய்கள் ஓடி வந்தன. ஈங்கை முந்திக்கொண்டு அவற்றை வேறு பக்கம் இழுத்தாள். மூன்று நாய்கள் துரத்தின, நான்கு படுத்துக் கிடந்தன. பிறகு முறை மாற்றிக்கொண்டன. ஈங்கைக்கு முறை மாற்ற ஆள் இல்லை. அவள் நின்றபோதெல்லாம் அவை மூங்கில் புதரின் பக்கம் தலையைத் திருப்பின.

உச்சிவேளையில் ஆற்றைக் கடக்கும்போது நெஞ்சில் ஒரு துடிப்பு தவறியது. தீ உள்ளிருந்து பேசியது.

"படுத்துவிடு. கரி தடித்துவிட்டது. இன்னும் ஒரு குன்று ஏறினால் வெந்துவிடும்."

"நான் படுத்தால் அவை எங்கே போகும்?"

தீக்கு அது தெரியும்.

ஈங்கை தலையைத் தூக்கி ஒரு முறை உரக்கக் குரல் கொடுத்தாள். படுத்துக் கிடந்த நாய்களும் எழுந்தன. ஏழு நாய்களையும் பின்னால் வரவைத்து அவள் குன்றேறினாள். ஒன்றல்ல, மூன்று குன்றுகள். மூன்றாவது குன்றுக்கு அந்தப் பக்கம் ஒரு காட்டெருமை செத்துக் கிடந்தது. செந்நாய்கள் அதைச் சுற்றி உட்கார்ந்துவிட்டன. அப்புறம் அவை அந்தக் காட்டுக்குத் திரும்பி வரவில்லை.

ஈங்கை வீடு திரும்ப இரண்டு நாள் ஆனது. நொச்சி தங்கையின் விலாவில் காதை வைத்துப் பார்த்தாள். நெஞ்சு சில நேரம் இரண்டு முறை சேர்த்து அடித்தது, சில நேரம் அடிக்கவே இல்லை, மற்ற நேரம் நடுங்கியது. நொண்டிக்கொண்டே பாறைப் பிளவுக்குப் போனாள். தங்கைக்குக் கல்லில் ஒரு தாழ்ப்பாள் செய்து கொடுக்க முடியுமா என்று கேட்டாள்.

"கல் வேகாது," என்றது தீ. "ஆனால் அந்தக் கதவு திறக்கவும் செய்யாது. பொறியைப் பிடித்துக்கொள்கிற பொருள்தான் வேகமாகத் திறக்கவும் செய்கிறது. என்னிடம் வேறு பொருள் இல்லை."

நொச்சி வந்த வழியே திரும்பினாள்.

அதற்குப் பிறகு ஈங்கை இரண்டு மழைக்காலம் உயிரோடு இருந்தாள். தண்ணீர்க் கரை வரைக்கும்தான் அவளால் போக முடிந்தது. வழியில் நாலைந்து இடத்தில் நின்று மூச்சு வாங்குவாள். இப்போது அக்கா தங்கை இருவருடைய நடையும் ஒரே வேகம். மூன்றாவது மழை தொடங்கியபோது ஒரு காலையில், தண்ணீர் குடிக்கக் குனிந்தவள் நிமிரவில்லை. நொச்சி வெயில் ஏறும்வரை பக்கத்திலேயே நின்றிருந்தாள்.

முயல், அணில், குதிரை, கடைசியாக மனிதன் என்று ஒவ்வொருவரும் தீயிடம் போய் ஒரு பங்கு வாங்கிக்கொண்டார்கள். ஈங்கைக்கு நடந்தது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் யாரும் வேண்டாம் என்று திரும்பவில்லை. ஓடுகிற உயிர்களின் நெஞ்சு அப்போதிலிருந்துதான் சூடாக இருக்கிறது. கொஞ்சம் பாடுபட்டால் அது வலுத்துத் துடிப்பதும், ஓய்வே இல்லாமல் பாடுபட்டால் கதவு கசிந்து துடிப்பு தப்புவதும் அன்றைக்குத் தொடங்கியதுதான்.