எள் திருப்பிக் கேட்ட பெயர்

ஒரு வீட்டு அடுப்படியில் நாலு எண்ணெய் இருந்தன. கடலை எண்ணெய் பெரிய தூக்குவாளியில் இருந்தது. தேங்காய் எண்ணெய்க்கு ஒரு டப்பா. மண்ணெண்ணெய் கீழே, ஸ்டவ் பக்கத்தில். எள்ளில் ஆட்டினது மட்டும் சின்னச் சீசாவில், குழந்தையின் உச்சிக்கு வைக்க என்று ஓரமாக இருந்தது.

எள்ளுக்கு மனசு ஆறவில்லை.

"எள்ளோட நெய்தான் எண்ணெய். அது என் பேரு. உங்களுக்கு யாரு குடுத்தா?"

"யாரும் குடுக்கல. கூப்பிட்டாங்க, வந்தோம்" என்றது கடலை.

எள் கீழே பார்த்தது. "அந்தப் பயலைப் பாரு. எள்ளு வாசமே தெரியாது. அவனும் எண்ணெயாம்."

"வாசத்தைப் பத்தி என்கிட்டயா பேசுற?" என்றது மண்ணெண்ணெய்.

"பேச்சு வேண்டாம். பேரைத் திருப்பிக் குடுங்க."

மூன்றும் கொடுத்துவிட்டன. பேர் போனதும் அவை யார் கண்ணிலும் படவில்லை.

விடிந்தது. வீட்டுக்காரி தவமணி மடியில் குழந்தை சிணுங்கிக்கொண்டிருந்தது. வெயில் காலச் சூட்டில் ராத்திரி அது தூங்கவே இல்லை.

"பேச்சி, பணியாரத்துக்கு எண்ணெய் எடு. மதியம் பாப்பாவுக்குத் தலைக்கு ஊத்தணும்" என்றாள் நாத்தனாரிடம்.

பேச்சி சின்னச் சீசாவை எடுத்தாள். எள்ளுக்குப் பெருமை தாங்கவில்லை. பணியாரத்துக்குப் போனது. தாளிப்புக்குப் போனது. பேச்சியின் சடைக்கும் போனது. சீசாவின் அடி தெரிந்தது.

"மதினி, ஸ்டவ்வுல எண்ணெய் இல்ல."

"இருக்கிறதை ஊத்து."

பேச்சியின் கை மறுபடி சீசாவுக்கு வந்தது. எள் அப்போதுதான் கணக்குப் பார்த்தது. மிஞ்சின கொஞ்சமும் திரியில் போனால் குழந்தைக்கு எதுவும் இல்லை.

"மண்ணெண்ணெய் அண்ணே, சீக்கிரம் வாங்க. பேரை நீங்களே வச்சுக்கங்க. எல்லாரும் வச்சுக்கங்க."

"இப்ப அண்ணனா?" என்றது மண்ணெண்ணெய். ஆனாலும் பேரை வாங்கிக்கொண்டது. மற்ற இரண்டும் வாங்கிக்கொண்டன. பேச்சியின் கை கீழே இறங்கி அதை எடுத்தது.

மதியம் ஒரு கரண்டி எள்ளெண்ணெய் குழந்தையின் உச்சியில் இறங்கியது. குளித்த குழந்தை தாய் தோளிலேயே தூங்கிப்போனது.

"எந்த எண்ணெய் மதினி வச்சீங்க? இப்படித் தூங்குது" என்றாள் பேச்சி மெதுவாக.

தவமணி சீசாவைத் துடைத்து மேலே வைத்தாள். "இதுதான். நல்ல எண்ணெய்."

மற்ற மூன்றும் கேட்டுக்கொண்டுதான் இருந்தன. இந்தப் பேரில் ஒன்றும் பங்கு கேட்கவில்லை.

கேட்டு வாங்கின பேரை எள்ளால் அரை நாள்கூடச் சுமக்க முடியவில்லை. கேட்காமல் வந்த 'நல்ல' அதுக்குக் கனக்கவே இல்லை.