நிறம் மாற்றும் பொத்தான்

"அபூர்வக் கோளாறு, அபூர்வக் கோளாறுன்னு சொல்றீங்க மேடம். என் கண்ணுல மட்டும் ஒண்ணும் மாட்ட மாட்டேங்குதே" என்றார் சீடர்.

சீடருக்கு வயது ஐம்பதுக்கு மேல். டாக்டர் குணசீலன். பெரியவர்களின் இதயத்தைப் பார்த்துப் பார்த்தே தலை நரைத்தவர். பிறவிக் கோளாறுகளை எக்கோ என்ற இதய ஸ்கேனில் கண்டுபிடிக்கக் கற்றுக்கொள்ள, தன் மகள் வயதுக்காரரிடம் வந்து சேர்ந்திருந்தார். அதில் அவருக்கு வெட்கம் இல்லை. அதற்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

குருவான டாக்டர் ஜெசிந்தா, நெஞ்சில் வைத்துப் பார்க்கும் எக்கோ புரோபை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

படுக்கையில் ஒரு கைக்குழந்தை. மூச்சு வாங்கியது. பக்கத்தில் அதன் தாய் இசக்கியம்மாள். ஊர் டாக்டர்கள், "இதயத் தசையே பலவீனம், மருந்து கொடுத்துப் பார்க்கலாம், வேற வழியில்லை" என்று கைவிரித்திருந்தார்கள்.

குணசீலன் பார்த்தார். இதயம் வீங்கியிருந்தது. துடிக்கவே சோம்பியது.

"அவங்க சொன்னது சரிதான் மேடம். தசை பலவீனம்."

"அந்தத் தசைக்கு ரத்தம் கொண்டுபோற இடது குழாய் எங்கேருந்து கிளம்புது சார்?"

"மகாதமனியிலேருந்து."

"பாத்தீங்களா?"

"எல்லாருக்கும் அங்கேருந்துதானே மேடம்."

"நான் இந்தப் பிள்ளைக்குக் கேட்டேன்."

தேடினார். நூல் மாதிரி ஒரு குழாய் தெரிந்தது. திரையில் நிறத்தைப் போட்டார்.

ரத்தம் புரோபை நோக்கி வந்தால் சிவப்பு. விலகிப் போனால் நீலம். இந்தக் குழாயில் சிவப்பு வர வேண்டும்.

நீலம் வந்தது.

"யாரோ நிறத்தை மாத்தி வச்சிட்டுப் போயிருக்காங்க" என்று முணுமுணுத்தபடி, நிறம் மாற்றும் பொத்தானை அழுத்தினார். குழாய் சிவந்தது.

"இப்ப சரி."

ஜெசிந்தா சிரிப்பை அடக்கிக்கொண்டார். "மத்ததையும் பாருங்க சார்."

பார்த்தார். அந்த ஒரு குழாய்தான் சரியாகியிருந்தது. மற்ற ரத்தமெல்லாம் திரையில் தலைகீழாக ஓடிக்கொண்டிருந்தது.

மறுபடி பொத்தானை அழுத்தினார். எல்லாம் சரியானது. குழாய் மட்டும் நீலம்.

"மேடம், இது பின்பக்கமா ஓடுது."

"எங்க போய்ச் சேருது?"

அதன் கூடவே போனார். குழாய் மகாதமனியைத் தொடவே இல்லை. நுரையீரலுக்குப் போகும் தமனியில் போய்த் திறந்திருந்தது. தசைக்குச் சேர வேண்டிய ரத்தத்தை அங்கே கொட்டிக்கொண்டிருந்தது.

"மாத்தித் தைக்கலாமா மேடம்?"

"அதுக்குத்தான் ஆபரேஷன் இருக்கு."

குணசீலனால் உட்கார முடியவில்லை. எழுந்த வேகத்தில் ஸ்டூல் சுவர்வரை உருண்டது. அந்த வயதில் ஒரு மனுஷனுக்கு அவ்வளவு சந்தோஷம் ஆகாது. ஆனாலும் வந்துவிட்டது.

இசக்கியம்மாள் பயந்துபோனாள்.

"என்ன சார்? எம்பிள்ளைக்கு நெஞ்சு ரொம்பப் பலவீனமா இருக்கோ?"

அவர் குருவைப் பார்த்தார். குரு அதற்குள் அறுவை சிகிச்சை டாக்டருக்கு ஃபோன் போட்டிருந்தார். நீங்களே சொல்லுங்கள் என்று கையைக் காட்டினார்.

"பலவீனம் இல்லம்மா" என்றார் சீடர். "பட்டினி. சோறு போட்டா எந்திரிச்சிரும்."