குழியில் விழுந்தும் மேலே வரும் பந்து

மிருகமும் மனிதரும் ஒரே பேச்சுப் பேசிய அந்தக் காலத்தில், பெண்யானைக்கும் தந்தம் இருந்தது. முழங்கை நீளம்தான். ஆனால் வளைவில்லாமல் நேராக இருக்கும்.

மலையடிவாரத்தில் பெத்தண்ண நாயக்கர் என்பவரின் அரண்மனை இருந்தது. முன்மண்டபத்தில் பச்சைத் துணி போர்த்திய பெரிய மேசை. அதன் ஓரங்களில் ஆறு குழிகள். ஆண்டியப்ப ஆசாரி மரத்தில் கடைந்து, சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று அரக்குச் சாயம் ஏற்றிய பந்துகள் அதன்மேல் கிடக்கும். சாயம் ஏற்றாத ஒரு பந்தைக் கோலால் அடித்து, மற்றவற்றைக் குழிகளில் தள்ள வேண்டும். விழுந்த பந்து விழுந்ததுதான். அடிக்கிற பந்தே விழுந்துவிட்டால், தள்ளியவர் தோற்றார், ஆட்டம் முடிந்தது.

மழைக்காலத்தில் மரப்பந்து உப்பிக் கோணிக்கொள்ளும். நாயக்கர் கிழக்கே அடித்தால் அது தெற்கே போகும். மைத்துனர் திம்மையாவிடம் தினமும் தோற்றார்.

"மச்சான், பந்துக்கு உங்க மேல என்ன கோவம்?" என்று திம்மையா கேட்பார்.

ஒருநாள், யானை பிடிக்க நாயக்கர் காட்டில் வெட்டியிருந்த குழியில் ஒரு குட்டி விழுந்தது. தாய் நேராக மண்டபத்துக்கே வந்தது.

"என் பிள்ளைய விட்டுருங்க, நாயக்கரே."

"குழியில விழுந்தது குழிக்காரனுக்கு. எங்க சட்டம் அது. வேணும்னா ஒண்ணு செய். கோணாம ஓடுற பந்து ஒண்ணு கொண்டா. குட்டிய விட்டுர்றேன்."

யானை அங்கே நின்ற ஆசாரியைப் பார்த்தது. ஆசாரி அதன் தந்தத்தைப் பார்த்தார். வாய் திறந்து கேட்க அவருக்குக் கூச்சமாக இருந்தது. யானைக்குப் புரிந்துவிட்டது. வெளியே போய், இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒரு தந்தத்தைச் செருகித் தலையைத் திருப்பியது. முறிந்த துண்டைத் துதிக்கையில் எடுத்துவந்து கொடுத்தது.

ஆசாரி கைபழகியபடி வேலை செய்தார். மரத்தின் நட்டநடுவில் மெத்தென்று இருக்கும் சோற்றுப்பகுதி பின்னால் வெடித்துவிடும். அதனால் கடைசல்காரர்கள் நடுவை ஒதுக்கிவிட்டு ஓரத்தில்தான் பந்து எடுப்பார்கள். தந்தத்தின் நடுவிலும் நூல்போல ஒரு நரம்பு ஓடியது. அதை ஒதுக்கி ஓரமாகவே கடைந்தார். மேசையில் விட்டால், பந்து பாதி தூரம் நேராகப் போய்ப் பிறகு காட்டுப் பக்கம் வளைந்தது.

"ஆசாரி, இது குட்டிய தேடிப் போகுது!" என்று திம்மையா சிரித்தார்.

ஆசாரி சிரிக்கவில்லை. யானையிடம் போய், "தப்பு என்னுது தாயி. மரம்னு நெனச்சு அறுத்துட்டேன். நரம்பு நட்டநடுவுல இருந்திருக்கணும். முழுத் துண்டும் வீணாப்போச்சு" என்றார்.

"இந்தத் தடவை தெரியும்ல?"

"தெரியும்."

யானை மறுபடியும் பாறைக்குப் போனது.

இரண்டாவது பந்தில் நரம்பு நடுவே ஓடியது. நாயக்கர் ஆடினார். கோல் காட்டிய இடத்துக்குப் பந்து போனது. ஒவ்வொன்றாகக் குழியில் தள்ளினார். கடைசிச் சிவப்பும் விழுந்து, ஒரே ஒரு கறுப்புப் பந்துதான் மிச்சம் என்றபோது, சிவப்பின் பின்னாலேயே வெள்ளைத் தந்தப் பந்தும் ஓடி அதே குழியில் விழுந்தது.

"பந்து நேரா ஓடிச்சு. குட்டிய விடுங்க" என்றது யானை.

ஆசைப்பட்ட பந்து கைக்கு வந்ததும் நாயக்கருக்குக் குட்டியை விட மனமில்லை. "பந்து இப்ப என் குழியில கெடக்கு. அப்ப அது என்னுது. என் பொருளுக்கு நான் எதுக்குக் குட்டியக் குடுக்கணும்?" என்றார்.

யானை கோபப்படவில்லை. துதிக்கையால் அந்தக் குழியை மூடியது.

"சரி. ஆடுங்க."

நாயக்கர் கோலைப் பிடித்துக்கொண்டு நின்றார். அடிக்கப் பந்து இல்லை.

"உங்க சட்டப்படி ஆட்டம் முடிஞ்சது மச்சான். இன்னிக்கும் தோல்விதான்" என்றார் திம்மையா.

"இரு, இரு. எடுத்து வச்சு ஆடலாம்."

"ஒண்ணு சொல்லுங்க நாயக்கரே" என்றது யானை. "குழியில விழுந்தது மேல வரலாமா, கூடாதா? வரலாம்னா ரெண்டும் வரட்டும். கூடாதுன்னா ரெண்டும் கெடக்கட்டும்."

நாயக்கர் கறுப்புப் பந்தைப் பார்த்தார். ஒரே அடிதான் பாக்கி.

"வரலாம்" என்றார்.

தாய்யானை முன்னே ஓட, ஆட்கள் பின்னாலேயே போய்க் காட்டுக்குழிக்குள் தழைகளையும் கட்டைகளையும் போட்டார்கள். குட்டி அவற்றின்மேல் மிதித்து மிதித்து ஏறி வந்தது. அது தாயோடு சேர்ந்துகொண்ட சத்தம் மண்டபம்வரை கேட்டது. அதன் பிறகுதான் ஆசாரி வெள்ளைப் பந்தை எடுத்து மேசையில் வைத்தார்.

நாயக்கர் குனிந்தார். திம்மையா கோலைக் குறுக்கே நீட்டினார்.

"பந்து வரலாம். ஆனா விழவச்சவருக்குத் தண்டம் உண்டு. இந்த அடி என்னுது."

ஒரே அடியில் கறுப்பு உள்ளே போனது.

அந்தக் குட்டி பெண். வளர்ந்த பிறகும் அதற்குத் தந்தம் நீளவில்லை. உதட்டோரம் விரலளவு எட்டிப்பார்த்ததோடு சரி. அதன் மகள்களுக்கும் அப்படியே. நம் காட்டுப் பெண்யானை தந்தமில்லாமல் நடப்பது அந்த நாளிலிருந்துதான். மேசையில் மற்றப் பந்துகள் விழுந்தால் விழுந்ததாகவே இருக்க, வெள்ளையை மட்டும் குழிக்குள் கையை விட்டு மேலே எடுப்பதும், விழவைத்தவர் தண்டம் கொடுப்பதும் அந்த நாளிலிருந்துதான்.