முன்னால் நின்ற பெயர்

அரசியல் அறிவியல் பேராசிரியர் மாசிலாமணிக்கு அன்று பணி ஓய்வு விழா. மாணவர்கள் எழுதும் கட்டுரைகளில் தன் பெயரை முதலில் போட்டுப் போட்டே துறைத்தலைவரானவர் அவர்.

"என் கட்டுரைகள்ல எது பெஸ்ட்டுன்னு மேடையில சொல்லு. அப்புறம்தான் உன் ஆய்வேட்டுல கையெழுத்து" என்று மாணவி பொற்கொடியிடம் சொல்லிவிட்டார்.

மேடையேறியவள், அவர் இளம் விரிவுரையாளராகச் சைக்கிளில் ஊர் ஊராக அலைந்து எழுதிய முதல் கட்டுரையைத் தூக்கிக் காட்டினாள்.

"அதுக்கப்புறம் வந்ததெல்லாம்?" என்று உறுமினார்.

"அதையெல்லாம் நான் புகழ்ந்தா தற்பெருமை ஆயிடும் சார். நாங்க எழுதினதாச்சே!"

அரங்கமே சிரித்தது. மாசிலாமணி அந்தப் பழுப்பேறிய தாளை வாங்கி ஒரு பத்தி படித்தார். அவளிடமே பேனா வாங்கி ஆய்வேட்டில் கையெழுத்திட்டார்.

"நல்லாத்தானே எழுதியிருக்கேன்" என்றார் மெதுவாக. "ஏம்மா விட்டேன்?"