இரண்டு நொடியில் டிக்கெட்

கோவில்பட்டியில் ஒரு பஸ் டிக்கெட் கம்பெனி. அதன் இணையதளம் திறக்கப் பன்னிரண்டு நொடி ஆகும். காத்திருந்து அலுத்த பயணிகள் வேறு தளத்துக்கு ஓடினார்கள்.

முதலாளி சிவசைலம் கொதித்துப்போய், புதிதாகச் சேர்ந்த இசக்கியம்மாளைக் கூப்பிட்டார்.

"ரெண்டு நொடியில திறக்கணும். ஆனா முகப்புல இருக்கிற என் வாழ்த்து வீடியோவை எடுக்கக் கூடாது. வெள்ளிக்கிழமைக்குள்ள முடியலன்னா வேற வேலை பாத்துக்கோ!"

"எதையும் எடுக்க மாட்டேன் சார்," என்றாள் அவள்.

தளத்தை ரியாக்ட் என்ற நிரல் கருவியில் புதிதாக எழுதினாள். ஊரும் தேதியும் கேட்கும் பெட்டி மட்டும் முதலில் வரும். மற்றதெல்லாம் பயணி கீழே நகர்த்தினால்தான் இறங்கும்.

வெள்ளிக்கிழமை அலுவலகமே அவளைச் சுற்றி நின்றது. ஒரு பழைய போனில் தளத்தைத் தட்டினாள்.

"ஒண்ணு..." என்று எல்லோரும் எண்ணினார்கள். "ரெண்டு" சொல்வதற்குள் பெட்டி வந்து நின்றது! கைதட்டலில் கூரை அதிர்ந்தது.

"என் வீடியோ எங்கே?" என்று அதட்டினார் சிவசைலம்.

"கீழே நகர்த்துங்க சார், வந்துரும். பந்தியில முதல்ல இலையைத்தானே போடுவோம்? பாயசம் கேக்குறவங்களுக்கு உண்டு."

நகர்த்தினார். வீடியோ வந்தது. அவர் முகம் மலர்ந்தது.

மறுவாரம் அவரே எல்லோரையும் கூட்டிவைத்துக் கேட்டார். "இந்த வாரம் என் வீடியோவை எத்தனை தடவை பார்த்திருக்காங்க?"

"பதினேழு தடவை சார்."

"பாத்தீங்களா!" என்று நெஞ்சை நிமிர்த்தினார்.

"பதினேழும் உங்க போன்லதான் சார்," என்றாள் இசக்கியம்மாள்.

சிரிப்பை அடக்க முடியாமல் பாதிப் பேர் வெளியே ஓடினார்கள். சிவசைலம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அதை எடுத்துரும்மா," என்றார்.