பன்னிரண்டு காதுகள்

அன்று சேலத்தில் ஒரு கணினி விளையாட்டு மையத்தின் மாடிக் கூடத்தில் இருந்தவர்கள் ஆறு பேர். கிழக்குச் சுவரைப் பார்த்து மூன்று பேர்: மாஸ்டர் மெஹருன்னிசா, அவளிடம் கற்றுவந்த தணிகாசலம், மருந்துக்கடைப் பல்லவி. மேற்குச் சுவரைப் பார்த்து மூன்று பேர்: தணிகாசலத்தின் மைத்துனன் ஞானவேல், அண்ணன் தம்பிகளான ரூபன், ஜெரால்டு. ஏழாவது ஆள் கிடையாது. ஒவ்வொரு கணினிக்கும் இருபுறமும் பலகைத் தடுப்பு.

மாஸ்டருக்கு வயது இருபத்தாறு. லாரி புக்கிங் ஆபீஸில் வேலை பார்த்த தணிகாசலத்துக்கு நாற்பத்தொன்று. துப்பாக்கி ஆட்டத்தில் அவளை மிஞ்ச ஊரில் ஆளில்லை. அதனால் வயதைப் பார்க்காமல் அவளைக் குருவாக ஏற்றிருந்தான்.

திரையில் கிழக்கு அணிக்கும் மேற்கு அணிக்கும் பனி கொட்டும் யுத்தம். நடுவில் இடிந்த பாலம். செத்த சிப்பாய் ஐந்து நொடியில் தன் முகாமில் எழுந்து நிற்பான். முதலில் ஐம்பது முறை வீழ்த்தும் அணி சென்னைப் போட்டிக்குப் போகும். தணிகாசலம் அதற்காக எட்டு மாதம் தவம் கிடந்தவன்.

“மாஸ்டர், ஒரு சந்தேகம். நாங்க ரெண்டு காதையும் மூடித்தான் ஹெட்போன் மாட்டுறோம். நீங்க மட்டும் வலது காதைத் திறந்து வெச்சிருக்கீங்க. அந்தப் பக்கம் எதிரி வந்தா கேக்காதே?”

“கேக்காதுண்ணா.”

“அப்புறம் ஏன்?”

“முதல்ல ஆடுவோம்.”

கிழக்கு அணி நாற்பத்துமூன்றில் இருந்தபோது ஞானவேலின் சிப்பாய் நட்ட கல்லாக நின்றான். டீ குடிக்க எழுந்து போனவனின் சிப்பாய் அப்படித்தான் நிற்பான். தணிகாசலத்துக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி. சுட்டான். ஞானவேலின் சிப்பாய் முகாமில் எழுந்தான். மறுபடி சுட்டான்.

“மாப்ளே, தூங்கிட்டியாடா? இது நாலாவது தடவை! அக்காகிட்ட சொல்லட்டா?”

இப்போது மாஸ்டரின் சிப்பாயும் அசையவில்லை.

“மாஸ்டர், எங்க போனீங்க? இன்னும் மூணுதான்!”

அந்த மூன்றையும் அவனே முடித்தான். ஏழு முறையும் ஞானவேலைத்தான் சுட்டிருந்தான். திரையில் ‘வெற்றி’ என்று வந்தது. துள்ளி எழுந்து ஹெட்போனைக் கழற்றினான்.

“யாராவது வாங்களேன்!” முதுகுக்குப் பின்னால் மாஸ்டரின் குரல்.

திரும்பினான். தரையில் ஞானவேல். வாயில் நுரை, உதடு நீலம், கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. மாஸ்டர் மண்டியிட்டு அவனை ஒருக்களித்துப் பிடித்திருந்தாள். அவள் போன் 108-இல் பேசிக்கொண்டே தரையில் கிடந்தது. இரண்டடி தள்ளி ரூபனும் ஜெரால்டும் தோற்ற திரையையே முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆம்புலன்ஸ்காரர் நாடி பார்த்தார். “பொழச்சுக்குவார். இன்னும் ரெண்டு நிமிஷம் மல்லாக்கக் கிடந்திருந்தா மூச்சு அடைச்சிருக்கும்.”

வண்டியில் ஏறக் கால் எடுத்து வைத்த தணிகாசலம் நின்றான்.

“மாஸ்டர், அவன் விழுந்தது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“நாற்காலி சாஞ்ச சத்தம் கேட்டுது. அப்புறம் உங்களைக் கூப்பிட்டேன். நாலு தடவை.”

“எனக்குக் கேக்கலையே.”

“ரூம்ல ஆறு பேர். காது எத்தனைண்ணா?”

“பன்னிரண்டு.”

“மூடியிருந்தது?”

தணிகாசலம் ஒவ்வொரு ஆளாக மனதுக்குள் எண்ணினான்.

“பதினொண்ணு.”

“மிச்சம்?”

அவன் மவுஸை அழுத்தி அழுத்திச் சிவந்திருந்த ஒரு விரலை மட்டும் காட்டினான்.